இலகு வேலை

வாக்குமூலம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் முதன்முதலாக எனக்கு வாயால் இரத்தம் வந்தது. முன்னால் கதிரையில் இருந்தவர் ஒரு வியாபாரி. மாடு களவு போய்விட்டதென்று முறைப்பாடு சொல்லக் கிண்ணியாவிலிருந்து வந்தவர். பாவம், அந்த மனிசன் மாட்டை மறந்துவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தார். ஜீப்பில் என்னை ஏற்றும்போதும் என் தலையை அவர்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது நான் பொலிசில் இல்லை. பென்சன் வயதுக்கு முன்னமே ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு வயிற்றுப்புண் என்று சொல்லி வருகிறேன். கேட்கிறவர்களும் அதோடு விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்புண் மரியாதையான காரணம், அதற்கு மேல் தோண்ட ஒருவருக்கும் மனம் வராது. ஆனால் அது பாதிக் கதை. மீதியையும் சொல்லாமல் போய்விடக்கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

திருகோணமலையில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த ஒரு நிலையத்தில் நான் சார்ஜன்ட். சிங்களம் அரச மொழியான பிறகு நிலையத்துக் காரியம் எல்லாம் சிங்களத்தில். சோதனை எழுதிப் பாஸ்பண்ணாதவனுக்குப் பதவி உயர்வு இல்லை. என்னோடு வேலைக்குச் சேர்ந்த தமிழ் ஆட்களில் சிலர், போதுமடா சாமி என்று அப்போதே வீட்டுக்குப் போனார்கள். நான் விழுந்து விழுந்து படித்துப் பாஸ்பண்ணி, கெட்டிக்காரன் என்று பெயரும் எடுத்தேன். அந்தக் கெட்டித்தனந்தான் எனக்கு வினையாக வந்தது.

சனம் தமிழில் சொல்லும், நான் சிங்களத்தில் எழுதுவேன். அதிகாரி சிங்களத்தில் கேட்பார், நான் தமிழில் கேட்பேன். அதற்கென்றே பெரியவருடைய மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். பெரியவர் என்று நாங்கள் சொல்வது நிலையப் பொறுப்பதிகாரியை. முதலில் மாட்டுக் களவும் வேலிச் சண்டையுமாகத்தான் போனது. எழுபதுகளின் கடைசியில் கொண்டுவரப்பட்ட ஆட்கள் வேறு மாதிரி இருந்தார்கள். எல்லாரும் இளந்தாரிகள். அவர்களிடம் கேட்கச் சொன்ன கேள்விகளும் வேறு மாதிரி. பெரியவர் அதட்டிக் கேட்பதை நான் அதட்டாமல்தான் தமிழில் கேட்பேன். இருந்தாலும் அந்தப் பிள்ளைகளின் காதில் அது என்னுடைய கேள்வியாகவே விழும். அடித்தவனுடைய முகம் மறந்துபோகும், கேட்டவனுடைய முகம் மறக்காது.

உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் நான் சைக்கிளை விட்டு இறங்கினால் கதை நின்றுவிடும். நிலையத்தில் நான் உள்ளே போனால் அங்கேயும் நின்றுவிடும். ஒரு பக்கத்துக்குக் காட்டிக்கொடுக்கிறவன், மற்றப் பக்கத்துக்கு நம்பக்கூடாதவன். இதைச் சொல்லி அழ எனக்கு ஆள் இருக்கவில்லை. வயிறுதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்குக்குள்ளால் ரப்பர் குழாய் ஒன்றை வயிற்றுக்கு இறக்கி, ஐஸ் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். குளிர்ந்தால் இரத்தக் குழாய் சுருங்கி, ஒழுகுவது நிற்குமாம். ஒரு கையில் யாரோ ஒரு புண்ணியவானின் இரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த இரத்தம் தமிழோ சிங்களமோ என்று போத்தலில் எழுதியிருக்கவில்லை. எனக்கு அந்த நேரத்திலும் அப்படித்தான் புத்தி போனது.

வாட்டு டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெடியன். கட்டில் ஓரத்தில் வந்திருந்து விளங்கப்படுத்தினார்.

“சாப்பாட்டைக் கரைக்க வயித்துக்குள்ள அமிலம் சுரக்கும் ஐயா. அது மிஞ்சிப்போனா, சாப்பாட்டை விட்டிட்டு வயித்தையே கரைக்கத் தொடங்கும். உங்களுக்கு அதுதான் நடந்திருக்கு.”

“ஏன் தம்பி மிஞ்சுது?”

“நேரத்துக்குச் சாப்பிடாம விடுறது, வெறும் வயித்தில தேத்தண்ணி, சுருட்டு. எல்லாத்திலும் கூட, யோசினை. நீங்கள் என்ன வேலை?”

“பொலிஸ்.”

“ஓ,” என்றார். அதற்குப் பிறகு அவர் காரணம் கேட்கவில்லை.

சில நாள் கழித்துப் பேரியம் குடிக்கத் தந்தார்கள். சுண்ணாம்பு கரைத்ததுபோல ஒரு வெள்ளைத் தண்ணீர். அது வயிற்றுக்குள் பரவ, எக்ஸ்ரே எடுப்பார்கள். புண் இருக்கிற இடத்தில் அந்த வெள்ளை போய்த் தேங்கி நிற்கும். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இவ்வளவு காலமும் நான் ஒருவருக்கும் காட்டாமல் வைத்திருந்தது ஒரு கடலை அளவில் அங்கே தெரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பிறகு பயம் வந்தது. இன்னொரு முறை புண் உடைந்தால் ஒபரேஷன் என்றார், அந்த ஒபரேஷனையும் எல்லாரும் தாங்குவதில்லை என்றார்.

என் மனைவி பரமேஸ் ஒவ்வொரு நாளும் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வந்தாள். குத்தரிசிக் கஞ்சியைத் துணியில் வடித்து, உப்பு மட்டாய்ப் போட்டு, பிளாஸ்கில் கொண்டுவருவாள். அவள் அதிகம் கதைக்கிறவள் அல்ல. வந்ததும் போர்வையை உதறி விரிப்பாள், என் கால் நகத்தைப் பார்ப்பாள், பிறகு ஊர்ப் புதினம் சொல்லுவாள். ஒரு நாள் அவளுடைய முகம் தெளிவாக இருந்தது.

“இஞ்சருங்கோ, முன்வீட்டாக்கள் வந்து உங்களுக்கு எப்பிடி எண்டு கேட்டவை. இளநியும் தந்துவிட்டவை.”

இரண்டு வருசமாய் எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்காத வீடு அது. நோயாளியோடு கதைக்கலாம், பொலிஸ்காரனோடு கதைக்க ஏலாது. அந்த இளநீரை எனக்குக் குடிக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். நான் அழுதது இளநீரால் வயிறு நொந்து என்று நினைத்த நேர்ஸ், இனிமேல் இளநீர் குடுக்க வேண்டாம் என்று பரமேசிடம் சொல்லிவிட்டாள். கிண்ணியா வியாபாரியும் ஒரு நாள் எருமைத் தயிர் முட்டியோடு வந்தார். மாடு அகப்படவில்லையாம். எனக்குத் தயிர் தடை என்பதால் வாட்டு முழுவதும் அதைத் தின்றது.

தயிரில் பெரும்பங்கு பக்கத்துக் கட்டில் பியசேனவுக்குப் போயிருக்கும், ஆனால் அவனுக்கும் தடை. பியசேன கொன்ஸ்டபிள், மாத்தறைப் பக்கத்தான், வேறு நிலையம். அவனுக்கு இதய வால்வு ஒன்று சரியாக மூடுவதில்லை, அதோடு வயிறும் புண். நாங்கள் சிங்களத்தில்தான் கதைப்போம், அவன் சொன்னதை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவனுடைய வீட்டார் வர ஒரு நாள் பயணம். ஆகையால் பரமேஸ் இரண்டு பிளாஸ்க் கொண்டுவரத் தொடங்கினாள். “நோனா, உங்கள் கஞ்சியைக் குடித்துக் குடித்து எனக்குத் தமிழ் வரப்போகிறது,” என்று அவன் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். அவள் சிரித்தாள். நான் செய்த மொழிபெயர்ப்புகளில் ஒருவருக்கும் கெடுதல் செய்யாதது அது ஒன்றுதான்.

பியசேனவும் வேலையை விடக் காத்திருந்தவன். மேலிடத்தில் யாரோ ஒருவரின் மச்சானைப் பிடித்ததற்காக அவனை மூன்று இடத்துக்குப் பந்தாடியிருந்தார்கள். பிள்ளை பிறந்த நேரம் லீவு கொடுக்கவில்லை, பிள்ளை செத்த நேரமும் கொடுக்கவில்லை. “சாஜன் மாத்தயா, காக்கியைப் போட்ட நாளிலிருந்து நான் எனக்கென்று ஒரு பேச்சுப் பேசவில்லை,” என்றான்.  அந்தப் பேச்சு எனக்கு நன்றாக விளங்கியது.

எங்கள் இருவருக்கும் ஒரே வாசல்தான் இருந்தது. மெடிக்கல் போட். மூன்று டொக்டர்மார் சேர்ந்து பார்த்து, இந்த ஆள் இனி வேலைக்குத் தகுதியில்லை என்று சொன்னால், பென்சனோடு வீட்டுக்குப் போகலாம். தகுதி என்று சொன்னால் திரும்பப் போய் நிற்க வேண்டும். தானாக விலகினால் ஒன்றுமில்லை, அத்தனை வருச வேலையும் தண்ணீரில் போட்டதுதான். எனக்கு மகள் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள். வேறு தொழிலும் தெரியாது. அந்தக் கதிரைக்குத் திரும்பிப் போகாமல் இருக்க எனக்கு மெடிக்கல் போட்டை விட்டால் கதியில்லை.

பொய் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. வாட்டு டொக்டர், இந்த வேலையில் இருந்தால் புண் ஆறாது என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார். நான் உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். பியசேனதான் எச்சரித்தான்: “உள்ளதைச் சொல்லுவதுதான் எங்களுக்குப் பழக்கமில்லையே மாத்தயா. பெரியவர்கள் ‘சனீபத?’ என்று கேட்டால், சுகமா என்று கேட்டால், நாங்கள் சல்யூட் அடித்துக்கொண்டு ‘சனீபய் சேர்’ என்றுதானே சொல்லுவோம்? அப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது. ‘அமாருய் சேர்’ என்று சொல்ல வேண்டும். கஷ்டமாக இருக்கிறது, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து பின்னேரங்களில் எங்களுக்கு ஒத்திகை. அவன் கட்டிலில் நிமிர்ந்திருந்து டொக்டர் மாதிரி மூக்கால் பேசி, “சனீபத?” என்பான். நான், “அமாருய் சேர்” என்பேன். “முகம் நல்லாயிருக்கிறது, கெடுங்கள்,” என்பான். பிறகு நான் டொக்டர், அவன் நோயாளி. அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்லுகிற விதத்தைப் பார்த்து மருந்து கட்டுகிற நேர்சே ஒரு முறை ஓடி வந்தாள். ஆஸ்பத்திரியில் நான் சிரித்ததெல்லாம் அந்தப் பின்னேரங்களில்தான். நான் தூக்கத்திலும் அமாருய் என்று சொன்னதாகப் பரமேசுக்கு யாரோ சொன்னார்களாம்.

மெடிக்கல் போட் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் ஓர் அறையில் நடந்தது. யன்னலுக்கு வெளியே துறைமுகம், ஒரு சரக்குக் கப்பல் நின்றது. பியசேனவை முதலில் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவன் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினான். அவனுக்கு விடுதலை கிடைத்துவிட்டது.

நான் உள்ளே போனேன். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், நரைத்த தலை, பெரிய டொக்டர், சிங்களவர். மற்ற இருவரும் என் படத்தையும் காகிதங்களையும் புரட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஒத்திகையில் செய்தபடி முதுகைக் கூனிக்கொண்டு கதிரையில் இருந்தேன். அமாருய் நாக்கின் நுனியில் நின்றது.

பெரிய டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். என் பெயரைச் சரியாக உச்சரித்தார். பிறகு சிரித்தபடி கேட்டார்:

“எப்பிடி, சுகமா இருக்கிறீங்களா?”

தமிழில் கேட்டார். வாலிபத்தில் மட்டக்களப்பில் வேலை செய்திருக்கிறாராம், பிறகுதான் சொன்னார்.

பொலிசில் சேர்ந்த நாளிலிருந்து, மேலே இருந்த ஒருவரும் என்னிடம் என் மொழியில் ஒரு சொல் கேட்டதில்லை. எனக்கு என்ன நடந்ததென்று சொல்லத் தெரியவில்லை. கூனல் நிமிர்ந்தது, கை வயிற்றை விட்டுவிட்டது, முகம் முழுக்கச் சிரிப்பு.

“சுகம் ஐயா,” என்றேன். “நீங்கள் சுகமோ?”

சுகமோ என்று ஒருவர் கேட்டால் வேறென்ன சொல்லுவது? சாகக் கிடக்கிறவனும் கடிதத்தில் நான் நலம் என்று எழுதுகிற ஆட்கள் நாங்கள். சிங்களத்தில் கேட்டிருந்தால் பதில் தயாராய் இருந்தது. தமிழுக்கு நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை.

அவருக்கும் பெரிய சந்தோசம். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்று விசாரித்தார். தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறி வந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு எப்படி என்று கேட்டதற்கு, கிண்ணியாத் தயிரை வாட்டே தின்று தீர்த்த கதையைச் சொன்னேன். அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பார்த்தவன் யாரும் இந்த மனிசன் இரத்தம் கக்கியவன் என்று சொல்லமாட்டான்.

“நல்லது, நல்லது. கடவுள் காப்பாத்தினார்,” என்றவர், பக்கத்தில் இருந்தவர்களிடம் சிங்களத்தில் திரும்பினார். “ஆள் நன்றாகத் தேறிவிட்டார். முழு வேலை கொடுக்க வேண்டாம். இலகு வேலை போதும்.”

அந்தச் சிங்களம் எனக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது. இல்லை சேர், அமாருய் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம்.  என்னை மனிசனாய் நினைத்துக் கேட்ட ஒருவரை, இரண்டு பேருக்கு முன்னால் பிழைகாரர் ஆக்குவதா? எழும்பிக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

வெளியில் சுவரோரமாய்க் கிடந்த வாங்கில் பரமேஸ் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் எழும்பினாள்.

“என்ன சொன்னவை?”

“வேலைக்குப் போகட்டாம். இலகு வேலை.”

“ஏன்? வருத்தத்தைச் சொல்லேல்லையோ நீங்கள்?”

“சுகம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“என்ன விசர்க்கதை இது? ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?”

“அந்தப் பெரிய டொக்டர் சுகமோ எண்டு கேட்டவர், பரமேஸ். தமிழில கேட்டவர்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். திரும்பவும் வாங்கில் இருந்து, மடியில் கிடந்த பிளாஸ்கின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டினாள். “ஓம், அப்பிடிக் கேட்டா வேறென்னத்தைச் சொல்லுறது,” என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். அந்தச் சொல் என்னை அதைவிட உடைத்துப்போட்டது.

பியசேன ஊருக்குப் போகமுன் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  நான்தான், “நீ ஒரு நல்ல வாத்தியார், நான்தான் மக்குப் பிள்ளை,” என்று பகிடி விட்டேன். அவன் சிரிக்கவில்லை.

இலகு வேலை என்றால் பொலிசில் என்னவென்று டொக்டருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வெயிலில் நிற்கக்கூடாது, நடக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, நேரத்துக்குச் சாப்பிட விட வேண்டும். அப்படியான வேலை எங்கள் நிலையத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பெரியவர் நல்ல மனதோடுதான் சொன்னார்: “சார்ஜன், இனி உங்களுக்கு வெளிவேலை ஒன்றும் இல்லை. காலையிலிருந்து பின்னேரம் வரைக்கும் இந்தக் கதிரையில் இருந்தால் போதும்.”

இலகு வேலையை நான் ஒரேயொரு நாள்தான் பார்த்தேன். அன்று பின்னேரமே விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன். பென்சன் இல்லை. மகளின் படிப்பு நின்றது. புண் இன்னும் இருக்கிறது. முன்வீட்டாரும் திரும்பக் கதையை விட்டுவிட்டார்கள். நான் விலகியதற்கும் அவர்கள் விலகியதற்கும் காரணம் அன்று பகல் நடந்தது.

சல்லிக் கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த பெடியன் ஒருவனைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அவனிடம் அவர்களுக்கு ஒன்றும் தேவையில்லை. அவனுடைய தமையனைத்தான் தேடினார்கள். தமையன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது, என்னிடம் சொல்லவும் இல்லை. இரண்டு நாளாய் எல்லா விதமாகவும் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெடியன் வாயைத் திறக்கவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். உதடு வீங்கியிருந்தது.

நான் கதிரையில் இருந்தேன். பெரியவர் கேள்வியைச் சொல்லத் தொடங்குமுன் என் வாய் தானாகக் கேட்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் எல்லாரையும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன கேள்வி.

“தம்பி, சாப்பிட்டீரோ?”

அவன் தலை நிமிர்ந்தது. என் சட்டையை, தோளில் இருந்த பட்டியை, பிறகு முகத்தைப் பார்த்தான்.

“நீங்கள் தமிழோ ஐயா?”

“ஓம்.”

அவன் முழங்காலை விட்டான். தோள் இரண்டும் கீழே இறங்கின. அந்த வீங்கிய உதட்டோடு சிரிக்கவும் பார்த்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். மேல்மாடி அறையில் அதே சிரிப்பு என் முகத்தில் இருந்தது. நிற்பாட்டு, ஒன்றும் சொல்லாதே என்று கத்த வேண்டும் போலிருந்தது. அந்த அறையில் அதை எந்த மொழியில் கத்துவது?

“ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை ஐயா. இவை கேக்கிறது ஒண்டும் எனக்கு விளங்கேல்லை. நாங்கள் ஒரு பிழையும் செய்யேல்லை ஐயா. அண்ணனும் ஒரு வம்புக்கும் போறவரில்லை. அவர் அண்ணியின்ர வீட்டை, திரியாயிலதான் நிக்கிறார். நீங்களே போய்க் கேட்டுப் பாருங்கோ.”

திரியாய் என்ற ஊர்ப்பெயருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அறையில் இருந்த எல்லாருக்கும் அது விளங்கியது. ஒருவர் எழும்பி ஜீப்காரனைக் கூப்பிடப் போனார். பெரியவர் என் தோளில் தட்டினார்.

வெளியே ஜீப் ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. பெடியன் ஒன்றும் அறியாமல் என்னையே பார்த்தான்.

“ஐயா, அப்ப நான் இனி வீட்டை போகலாந்தானே?”

அதை நான் சிங்களத்தில் சொன்னேன். பெரியவர் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு நடந்தார். பெடியன் சிரித்த முகத்தோடு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.